மூலிகைப் பாடம்: வீட்டில் கற்றுக்கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வீட்டுக்கல்வியில் வளரும் பிள்ளைகளுக்கு மூலிகைப் பாடத்தைப் பெரும்பாலும் பட்டியலில்தான் தொடங்குகிறோம். துளசி சளிக்கு, தூதுவளை இருமலுக்கு, கீழாநெல்லி காமாலைக்கு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் மகள் இரண்டே நாளில் அத்தனையும் ஒப்பித்துவிட்டாள். அப்புறம் ஒருநாள் பூங்காவிலிருந்து கை நிறைய இலையோடு வந்து நின்றாள். "அம்மா, மஞ்சள் கரிசலாங்கண்ணி! துவையல் அரைச்சுக் குடும்மா."

மஞ்சள் பூ, தரையோடு படரும் கொடி, எல்லாம் சரிதான். ஆனால் இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, இங்கே பூங்காக்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் பரவிவிட்ட வேறு செடி அது. கரிசலாங்கண்ணியின் இலை அப்படிப் பிரியாது. பயனைச் சொல்லிக்கொடுத்த நான் செடியைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதல் தவறு இதுதான், மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பார்க்கப் பழக்குவதற்கு நம் செடிப் பெயர்களே உதவும். கீழாநெல்லியின் இலைக்கொத்தைத் திருப்பிப் பிடித்தால், அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர்க்காரணத்தைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு. வேரைக் கழுவி நசுக்கி வாசலில் போட்டுவிட்டுக் காத்திருங்கள், பூனைகள் வந்து அதில் முகம் தேய்த்துப் புரள்வதைப் பார்க்கலாம். எங்கள் வீட்டில் ஒரு மாலை முழுவதும் இதிலேயே போனது.

அதே குப்பைமேனியைத் தெரிந்த செடிதானே என்று கஷாயம் வைத்துக் கொடுத்துவிடக் கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்கள் இதை உட்கொண்டு, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துபோனது இலங்கையில் பதிவாகியிருக்கிறது. அந்தக் குறை தம் பிள்ளைக்கு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. ருசி பார்க்கும் பாடம் வேண்டுமென்றால் ஏற்கெனவே சமையலில் சேரும் புதினா, கறிவேப்பிலை, இஞ்சி போதும். சாலையோரத்தில் பறித்த எதுவும் வாய்க்குப் போக வேண்டாம்.

நல்ல செடிகளை மட்டும் காட்டுவது இன்னொரு பெரிய தவறு. இலை என்றாலே மருந்து என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அரளி, ஊமத்தை, எருக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி ஆகியவற்றை முதல் மாதத்திலேயே தள்ளி நின்று காட்டிவிடுங்கள். காட்டாமணக்கு விதையைக் கடலை மாதிரி தின்றுவிட்டுப் பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போவது நம் ஊர்களில் அடிக்கடி நடப்பது. குன்றிமணியைக் கைவேலைக்கு எடுத்து, ஊசியால் துளைபோட்டு மாலை கோக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். ஓடு உடையாதவரை நஞ்சு உள்ளேயே அடங்கியிருக்கும், துளைத்தாலோ கடித்தாலோ வெளிவந்துவிடும்.

வளர்ந்த பிள்ளைகளுக்குச் செங்காந்தளைச் சொல்லுங்கள். நம் மாநில மலர், கண்ணைப் பறிக்கும் அழகு, கிழங்கிலும் விதையிலும் கால்சிசின் என்ற நஞ்சு. மூட்டுவாதங்களில் ஒன்றான கவுட்டுக்கு மருத்துவர்கள் மிகச் சிறிய அளவில் எழுதித் தருவதும் அதே கால்சிசின்தான். அளவு என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

செடிகளை வேரோடு பிடுங்கிச் சேகரிக்க வேண்டாம். பூவோடு ஒரு சிறு கிளை போதும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகங்களை ஏற்றி, முதல் சில நாள் தாளை மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடும். பூவின் நிறத்தை அன்றைக்கே எழுதிவைக்கச் சொல்லுங்கள், காய்ந்தால் மங்கிவிடும். வளர்ப்பதற்குக் கற்பூரவள்ளியில் தொடங்கலாம். ஒடித்து நட்ட தண்டே வேர்விட்டுவிடும், தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால்தான் அழுகும்.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளில் பாடத்தை வைத்தியமாக்க வேண்டாம். கண் மஞ்சளாகத் தெரிந்தால் கீழாநெல்லி தேடிப் போகாமல் மருத்துவரிடம் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

தெரியாத காயையோ விதையையோ பிள்ளை தின்றுவிட்டால், வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிடுங்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அந்தச் செடியின் ஒரு கிளையைக் காயோடு ஒடித்து, மருத்துவமனைக்குக் கையோடு எடுத்துப்போங்கள்.