காசைக் கட்டிவிட்டு வராதீர்கள்: ஜேர்மனிக்கு வேலை தேடிப் போகும் விசாவில் நம்மவர் செய்யும் தவறுகள்

பொங்கலுக்கு லீவில் ஊருக்கு வந்தால் இரண்டு நாள் நிம்மதியாகப் படுக்க முடிவதில்லை. பொகவந்தலாவை டவுனில் யாராவது என்னைக் கண்டுவிட்டால் போதும், மறுநாள் காலையில் லயத்து வாசலில் பிளாஸ்டிக் பைலோடு ஒரு பிள்ளை நிற்கும். இந்த முறை ஏழு பேர். ஏழு பைலையும் விரித்துப் பார்த்தேன். 2023இல் நான் தூக்கிக்கொண்டு அலைந்த பைல்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதே ஓட்டைகள், அதே இடங்களில்.

எல்லோரும் கேட்டு வந்தது ஜேர்மனி 2024 ஜூன் 1இல் தொடங்கிய வாய்ப்பு அட்டையை, அவர்கள் மொழியில் 'ஷான்சன்கார்ட்டே'. கையில் வேலை இல்லாமலே போய், ஒரு வருடம் வரை அங்கே இருந்து வேலை தேடலாம். அதுவரைக்கும் வாரத்துக்கு 20 மணித்தியாலம் பகுதி நேரமாகச் செய்யலாம். ஒரு முதலாளியிடம் இரண்டு வாரம் வரை 'பார்த்து எடுக்கட்டும்' என்று வேலை செய்து காட்டவும் முடியும்.

படத்தின் அளவு, விடுபட்ட கையெழுத்து எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதை ஹட்டனில் எந்த கொமியூனிகேஷன் கடைக்காரரும் சொல்லிவிடுவார்.

காசை முதலில் கட்டுவது

எங்கள் பக்கத்தில் எதற்கும் முதல் கேள்வி "எவ்வளவு முடியும்?" என்பதுதான். காசுதான் ஏற்றம், அதை ஏறிவிட்டால் மிச்சமெல்லாம் இறக்கம் என்று நினைக்கிறோம். ஏற்றம் என்பது பொய்யில்லை. அங்கே நம் செலவுக்குக் கையில் இருக்கிறது என்று காட்ட 2025இல் கேட்ட தொகை மாதத்துக்கு 1,091 யூரோ, ஒரு வருடத்துக்கு 13,092. இலங்கைக் காசில் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும். தோட்டத் தொழிலாளிக்கு 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3,000 பேர் (ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு பேர் என்போம்). அதாவது அம்மா பத்து வருடம் ஒரு நாளும் அரைப்பேர் விழாமல் கொழுந்தெடுத்து, அதில் ஒரு சதமும் செலவழிக்காமல் இருந்தால் சேரும் காசு.

அவ்வளவு பெரிய தொகை என்பதால் வீடே முதலில் அதன் பின்னால் ஓடுகிறது. நானும் ஓடினேன். அப்போது இந்த அட்டை இல்லை, பட்டதாரிகளுக்கு ஆறு மாத வேலை தேடும் விசா இருந்தது. அம்மாவின் தாலிக்கொடி, அப்பாவின் ஈ.பி.எஃப். (சேமலாப நிதி) காசு, கொழும்பில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவின் கடன். எல்லாவற்றையும் திரட்டி முடக்கக் கணக்கில் போட்டேன். நாம் போய்ச் சேர்ந்த பிறகு மாதா மாதம் ஒரு பங்கை மட்டும் விடுவிக்கும் கணக்கு அது. பிறகு காப்புறுதி, பிறகு மொழிபெயர்ப்பு, பிறகு விசா விண்ணப்பம். படிப்பு செல்லுமா என்பதைக் கடைசியில்தான் பார்த்தேன். அதையும் அரைகுறையாக.

வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஜேர்மன்காரர் 'அனாபின்' என்றொரு இணையத் தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். என் பல்கலைக்கழகத்தின் பெயரை அடித்தேன். 'எச் பிளஸ்', அதாவது அங்கீகரித்த பல்கலைக்கழகம் என்று வந்தது. வந்த சந்தோஷத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்துப் பைலில் வைத்துவிட்டேன். பல்கலைக்கழகம் பட்டியலில் இருந்தால் போதாது, நாம் எடுத்த பட்டமும் தனியாக அதே தளத்தில் இருக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஜேர்மன் பட்டத்துக்குச் சமம் என்ற பொருளில் 'என்ட்ஷ்ப்ரிஷ்ட்' அல்லது 'க்ளைஷ்வெர்ட்டிக்' என்று போட்டிருக்க வேண்டும். என் பட்டம் அங்கே இல்லை. இல்லாதவர்கள் பான் நகரில் இருக்கும் ஸெட்.ஏ.பி. என்ற அலுவலகத்திடம் ஒப்பீட்டுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். இப்போது அதற்குக் கட்டணம் 208 யூரோ. செலவை மிச்சம் பிடிக்கப் போய் விட்டேன் என்றாலாவது மனசு ஆறும். அப்படி ஒரு சான்றிதழ் இருப்பதே எனக்குத் தெரியாது.

மறுப்புக் கடிதம் வந்தது. முடக்கக் கணக்கிலிருந்த காசு திரும்பி வந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விசாக் கட்டணம் 75 யூரோ போனது. கணக்குத் திறந்த கட்டணம் போனது. போகும்போது ஒரு விலைக்கு வாங்கிய யூரோ வரும்போது வேறு விலைக்கு மாறியது. அதற்குள் தாலிக்கொடி எட்டு மாத வட்டியோடு அடகுக் கடையில் கிடந்தது. அம்மா மஞ்சள் கயிற்றோடு மலைக்குப் போய் வந்தார். வீட்டில் ஒருத்தரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த முறை ஸெட்.ஏ.பி. சான்றிதழை எடுத்த பிறகுதான் மற்றதில் கை வைத்தேன். விசா கிடைத்தது. அதே பட்டம், அதே ஆள்.

இப்போது நிலைமை இன்னும் இறுக்கம். முன்பு மறுத்தால் தூதரகத்துக்கே மீள்பரிசீலனைக் கடிதம் எழுத ஒரு வழி இருந்தது. 2025 ஜூலை 1இலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். இனி பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு, இல்லாவிட்டால் புதிதாகக் கட்டணம் கட்டிப் புது விண்ணப்பம். 'மறுத்தால் ஒரு லெட்டர் போடலாம்' என்று யாராவது அண்ணன்மார் சொன்னால் அது பழைய கதை.

இன்னொன்று. அந்த 13,092 யூரோவையும் நாமே கட்டத்தான் வேண்டும் என்றில்லை. ஜேர்மனியில் சட்டப்படி வசிக்கும் ஒருவர் அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 'இவர் செலவுக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்தாலும் ஏற்கிறார்கள். போதிய சம்பளமுள்ள பகுதி நேர வேலை ஒப்பந்தம் கிடைத்தாலும் சரி. காசைக் கடைசிக்குத் தள்ளினால் இதையெல்லாம் விசாரிக்க நேரம் கிடைக்கும். நகையை வைத்த பிறகு யாரும் விசாரிப்பதில்லை.

என்.வி.கியூ. என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ் இருந்தால் போதும் என்று நம்புவது

பட்டம் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம். நம் நாட்டு அரசு அங்கீகரித்த தொழிற்பயிற்சி இருக்க வேண்டும், அந்தப் பயிற்சி குறைந்தது இரண்டு வருடமாக இருக்க வேண்டும். அதையும் ஸெட்.ஏ.பி.தான் உறுதிப்படுத்தித் தரும். நம் பிள்ளைகளின் பைலில் இருப்பது பெரும்பாலும் ஆறு மாதம், ஒன்பது மாதப் பயிற்சிகள். சான்றிதழில் மட்டம் நான்கு என்று இருந்தாலும் அவர்கள் பயிற்சி எத்தனை மாதம் என்றுதான் பார்ப்பார்கள்.

நோர்வூட்டிலிருந்து வந்த தங்கச்சி கொண்டு வந்தது ஒன்பது மாத தையல் பயிற்சிச் சான்றிதழ். அழகாக லெமினேட் செய்திருந்தாள். அவள் அண்ணன் அதற்கு முந்தைய வாரம்தான் ஓட்டோவை விற்றிருந்தான். பைலை மூடி மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். வேறென்ன சொல்வது.

புள்ளியைக் கூட்டிப் பார்க்காமல் இறங்குவது

பட்டமோ தொழிற்பயிற்சியோ முழுதாக அங்கீகரிக்கப்பட்டவருக்குப் புள்ளி தேவையில்லை. மற்றவர்கள் முதலில் ஜேர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 காட்ட வேண்டும் (மொழித் தேர்ச்சி மட்டம் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும்), அதற்கு மேல் ஆறு புள்ளி சேர்க்க வேண்டும்.

26 வயதுப் பையன் ஒருவன், படித்த துறையிலேயே கடந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம் உள்ளவன் என்று வையுங்கள். 35ஐத் தாண்டாததால் வயதுக்கு 2, அனுபவத்துக்கு 2. நான்கோடு நிற்கிறான். ஏ1 நுழைவதற்கு மட்டும்தான், புள்ளி தராது. ஏ2 எடுத்தால் 1, பி1 எடுத்தால் 2, பி2 எடுத்தால் 3. ஆக வேறு புள்ளி எதுவும் இல்லாவிட்டால் அவனுக்கு பி1தான் வழி. "ஏ1 போதுமாம் அண்ணா" என்று வந்த நான்கு பேருக்கும் இதே கணக்கைத்தான் கொப்பியில் போட்டுக் காட்டினேன். ஒருத்தன் மட்டும் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போனான். அவன் போய்விடுவான் என்று தோன்றுகிறது.

பெயர்

இது நம் மலையகத்துக்கே உரிய தலைவலி. பிறப்பு அத்தாட்சியில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, ஓ/எல் சான்றிதழில் முதலெழுத்து மட்டும். அப்பா பெயர் ஓரிடத்தில் பெரியசாமி, இன்னோரிடத்தில் பெரியசாமிப்பிள்ளை, தோட்டத்துச் செக்ரோல் என்ற பேர்ப் பதிவில் வெறும் சாமி. ஜேர்மன் படிவம் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டே பெட்டியோடு நிற்கும். அப்பா பெயர் எந்தப் பெட்டிக்குப் போக வேண்டும் என்று மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியவர்கள் உண்டு.

பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் ஆதாரம். அதைப் பார்த்தே மற்ற எல்லாவற்றையும் எழுதுங்கள். அதனால் பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே பட்டச் சான்றிதழையும் பிறப்பு அத்தாட்சியையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள். ஜே.பி. (சமாதான நீதவான்) முன் முடித்த சத்தியக்கடதாசி சின்ன வித்தியாசத்தைச் சமாளிக்கலாம். அப்பா பெயரே மாறியிருந்தால் பிறப்புப் பதிவையே திருத்துங்கள். மாதக்கணக்கில் இழுபடும், இன்றைக்கே தொடங்குங்கள்.

முகவரியையும் பாருங்கள். 'மேல் பிரிவு, தோட்டம்' என்று மட்டும் எழுதினால் கடிதம் தோட்டத்துக் கந்தோரில் தூங்கும். டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரரின் முகவரி கொடுப்பது நல்லது.

"திருப்திகரமாக வேலை செய்தார்"

நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் நான்கு வருடம் சமையலறையில் நின்ற தம்பிக்குக் கொடுத்த கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்னென்ன வேலை. இவை இல்லாத கடிதத்தை நம்பிப் புள்ளி கேட்க முடியாது. வேலையை விட்ட பிறகு போய்க் கேட்டால் மனேஜர் மாறியிருப்பார். விடும் நாளிலேயே எழுதி வாங்குங்கள், ஈ.பி.எஃப். விவரத்தையும் சேர்த்து வையுங்கள்.

டியூட்டரி தந்த மொழிச் சான்றிதழ்

சுவரில் மாட்டலாம். தூதரகத்துக்கு கோதே, டெல்க் போன்ற பரீட்சைச் சான்றிதழ் வேண்டும்.

கடன் வாங்கிக் காட்டும் வங்கிக் கணக்கு

வேண்டாம்.

வேலை நிச்சயம் என்று சொல்லும் ஏஜென்ட்

இது வேலை தேடும் விசா. வேலை நிச்சயமாக இருந்தால் எதற்குத் தேட வேண்டும்?

டுபாய் விசிட் விசாவும் இதுவும் ஒன்றென்று நினைப்பது

ஒன்றில்லை. வேலை தேடுவதற்கென்றே 60, 90, 120 நாள் விசா ஐக்கிய அரபு இராச்சியத்தில் தனியாக உண்டு, அதற்கும் படிப்புத் தகுதி கேட்பார்கள். சுற்றுலா விசாவில் போய் வேலைக்கு நின்றால் அங்கே சட்டமும் உங்கள் பக்கம் இல்லை, இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலும் உங்கள் பெயர் இல்லை.

முடியாது என்று சொல்லத் தயங்குவது

இது என் தவறு. பைலோடு வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து 'இதில் போக முடியாது' என்று சொல்ல வாய் வராமல், 'பார்ப்போம், முயற்சி செய்' என்று இரண்டு வருடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் 'பார்ப்போம்' என்ற சொல்லை நம்பி யார் யார் எதை விற்றார்களோ.

நோர்வூட் தங்கச்சிக்கு அன்றைக்குச் சொல்லிவிட்டேன். வாய்ப்பு அட்டை கிடைக்காது, ஆனால் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கு முயலலாம், அதற்கு இரண்டு வருடப் பயிற்சி முன்கூட்டியே தேவையில்லை, ஜேர்மன் மொழி பெரும்பாலும் பி1 கேட்பார்கள், ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டால் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு என்று. அவள் அழவில்லை. லெமினேட் செய்த சான்றிதழைத் திரும்பப் பைலுக்குள் வைத்துக்கொண்டு, ஏ1 புத்தகம் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். வாசலில் நின்ற அண்ணன் விற்ற ஓட்டோவைத் திரும்ப வாங்க முடியுமா என்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். வாங்கியவர் ஏற்கெனவே புது நிறம் அடித்துவிட்டாராம்.