குழந்தையை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னால கையிலயும் கால்லயும் ஆக்சிஜன் பாத்துருங்க

கோபியோ தாராபுரமோ பொள்ளாச்சியோ, எந்த ஊர் ஆஸ்பத்திரில பிரசவம் ஆனாலும் சரிங்க, 24 மணி நேரம் தாண்டுனதும் டிஸ்சார்ஜுக்கு முன்னால நர்ஸம்மாகிட்ட கேட்டுப்போடுங்க, "குழந்தைக்கு வலது கையிலயும் ஒரு கால்லயும் சாச்சுரேஷன் பாத்தாச்சுங்களா?" சாச்சுரேஷன்னா ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம் இருக்குங்கறதுங்க. ஊசி கெடையாது, ரத்தம் எடுக்கறதில்ல, சில நிமிஷ வேலை.

நல்லா பால் குடிக்கற குழந்தைக்கு இதெல்லாம் எதுக்குன்னு அம்மாயி கேப்பாங்க. வயித்துக்குள்ள இருக்கறப்போ ரத்தம் நுரையீரலுக்குள்ள போகாம வேற வழியாப் போறதுக்கு ஒரு சின்னக் குழாய் இருக்குமுங்க, பொறந்து சில நாள்ல தானா மூடிக்கும், ஆனா சில மோசமான இதயக் கோளாறுல அந்தக் குழாயை நம்பித்தான் குழந்தை உசுரோட இருக்கும், அது மூடறப்போ வீட்டுல வெச்சே மளமளன்னு மோசமாயிரும். வலது கைக்கு ரத்தம் அந்தக் குழாய் சேர்ற எடத்துக்கு முன்னாலயே பிரியுது, காலுக்கு அதைத் தாண்டிப் போகுது, அதனாலதான் ரெண்டு எடம். இடது கை வேண்டாமுங்க.

குழந்தை அழாம அமைதியா இருக்கோணும். பாதம் ஜில்லுனு இருந்தா துணி சுத்தி சூடாக்கிட்டுத்தான் பாக்கோணும். பச்சைக் குழந்தைக்குன்னே இருக்கற ப்ரோபை (ஆக்சிஜன் அளக்கற பட்டை) பாதத்தோட வெளிப்பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழ சுத்தி, லைட்டும் சென்சாரும் நேருக்கு நேரா வரணும். கொரோனா டைம்ல வாங்குன விரல் கிளிப் இதுக்கு ஆகவே ஆகாது. மஞ்சக்காமாலை லைட் மேல பட்டாலும் நம்பர் தப்பா வரும். திரையில நாடித்துடிப்போட அலை சீரா ஓடறப்போதான் நம்பரை எழுதோணும்.

ரெண்டுலயும் 95-ம் அதுக்கு மேலயும், வித்தியாசம் 3-க்குள்ள இருந்தா பாஸ். எதுலயாவது 90-க்குக் கீழ போனா காத்திருக்கக் கூடாது, அப்பவே டாக்டரைக் கூப்புடுங்க. கையில 98 கால்ல 93-ன்னு வந்தா, கைதான் நல்லாருக்கேன்னு விட்டுப்போடாதீங்க, ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி பாக்கோணும், அப்பவும் அதே மாதிரின்னா டாக்டர் பாத்து எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கோணும். அங்க எக்கோ இல்லீன்னா கோயமுத்தூருக்கு ரெஃபர் பண்ணச் சொல்லுங்க. ஃபெயில்னாலே இதயம்தான்னு இல்லீங்க, கிருமித்தொற்று, நுரையீரல் கோளாறுலயும் கொறையும், அதையும் உடனே பாக்கத்தான் வேணும்.

பாஸ் ஆனாலும் சிலது தப்பிச்சுரும், முக்கியமா மகாதமனி (இதயத்துல இருந்து கிளம்பற பெரிய ரத்தக்குழாய்) சுருங்கி இருக்கறது. அதனால பால் குடிக்கறப்போ தலை வேர்க்குது, மூச்சு வாங்குது, உதடோ நாக்கோ நீலம் பாயுதுன்னா விடியட்டும்னு இருக்காம 108-க்குப் போன் போட்டுருங்க.