இன்மை எடுகோளை ‘ஏற்கிறோம்’ என்று எழுதலாமா? எட்டுக் கோப்பைத் தேநீரைக் கொண்டு ஒரு விளக்கம்

என் ஆய்வேட்டில் ‘ஆகவே இன்மை எடுகோள் ஏற்றுக்கொள்ளப்படுகிறது’ என்றிருந்த வரியைச் சிவப்பு மையால் அடித்த வழிகாட்டி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் இட்டுத் திருப்பித் தந்தார். பிழை கணக்கில் இல்லை, முடிவை எழுதிய விதத்தில்தான் இருக்கிறது என்பது விளங்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. இன்மை எடுகோள் என்பது, ‘வேறுபாடோ விளைவோ எதுவும் இல்லை’ என்று சோதனைக்காக முதலில் வைத்துக்கொள்ளும் அனுமானம்.

1920-களில், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மியூரியல் பிரிஸ்டல், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிட முடியும் என்றாராம். இத்தகைய கூற்றைச் சோதிக்கும் முறையைப் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் விரிவாக எழுதினார். எட்டுக் கோப்பைகளில் நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை குலுக்கல்படி. பால் முதலில் ஊற்றிய நான்கையும் அவர் பிரித்தெடுக்க வேண்டும்.

படி 1: ‘அவருக்கு வேறுபாடு தெரியாது, வெறும் ஊகம்’ என்பதே இன்மை எடுகோள். ‘தெரியும்’ என்பதை அந்த இடத்தில் வைக்க முடியாது. எவ்வளவு தெரியும் என்று அது சொல்லாததால் அதைக்கொண்டு எதையும் கணக்கிட இயலாது.

படி 2: மிகைகாண் நிலையை, அதாவது பி-மதிப்பு (வெறும் ஊகமே என்றால் இந்த அளவோ இதைவிடச் சிறப்பாகவோ விளைவு கிடைக்கும் வாய்ப்பு) இதற்கு மேல் போகாவிட்டால் இன்மை எடுகோளை நிராகரிப்போம் என்ற 5% வரம்பை, தேநீர் ஊற்றும் முன்பே குறித்துவிடுங்கள்.

படி 3: எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. நான்கும் சரியாக அமைவது ஒரே வழியில்; மூன்று மட்டும் சரியாக அமைவது 4 × 4 = 16 வழிகளில். இதை ஒருமுறையாவது தாளில் எண்ணிப் பாருங்கள்.

படி 4: நான் சறுக்கிய இடம் இதுதான். நான்கும் சரியானால் பி-மதிப்பு 1/70, ஏறத்தாழ 0.014, இன்மை எடுகோளை நிராகரிக்கிறோம். ‘அவர் ஊகித்திருக்க 1.4% வாய்ப்பு’ என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஊகம்தான் என்று வைத்துக்கொண்டால் இப்படியொரு விளைவு கிடைக்கும் வாய்ப்பே 1.4%. மூன்று சரியானால், நான்கும் சரியாகும் ஒரு வழியையும் சேர்த்து 17/70, அதாவது 0.243, நிராகரிக்கப் போதிய சான்று இல்லை. ஆனால் அவருக்குத் திறமை இல்லை என்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. எட்டே கோப்பைகள் உள்ள சோதனையில் ஒரு சறுக்கல்கூட இல்லாதவர்தான் வரம்பைத் தாண்ட முடியும் என்பதால், நல்ல நாக்கு உடையவரும் ஒரு கோப்பையில் தவறினால் ஊகிப்பவரோடு சேர்ந்துவிடுவார். எனவே ‘ஏற்கிறோம்’ என்பதை விட்டு, ‘இத்தரவைக் கொண்டு நிராகரிக்க இயலவில்லை’ என்று எழுதுங்கள்.

மென்பொருளில் எனக்கு எக்செல்லைவிட ஆர் மொழியே பிடிக்கும். மேலே கண்ட ஃபிஷர் சோதனைக்கு அதில் ஒரே வரி போதும்.

பிற்சேர்க்கை: நான்கும் சரியான அட்டவணைக்கு ஆர் 0.029 காட்டுகிறதே என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அது தானாகவே இருபுறச் சோதனையைச் செய்வதால், நான்கும் தவறாகும் வழியையும் சேர்த்து 2/70 என்று தருகிறது. நம் கேள்வி ஒருபுறமானது என்பதால், மாற்று எடுகோளை (‘அவருக்கு வேறுபாடு தெரியும்’ என்பதை) ‘கிரேட்டர்’ (greater) என்று குறிப்பிட்டால் 0.014 கிடைக்கும்.