ஐஇஎல்டிஎஸ் ரீடிங்ல டைம் பத்தலையா? வேகமா படிக்கறேன்னு பண்ற தவறுகள் இதெல்லாம்

எங்க அக்கா பொண்ணு நர்ஸிங் முடிச்சு நாலு வருஷம் ஐசியூல வேலை பார்த்தவ, யூகே போகணும்னு ஐஇஎல்டிஎஸ்ங்கற இங்கிலீஷ் எக்ஸாம்ல அகாடமிக் பிரிவு எழுதினா. மத்த மூணு பகுதிலயும் வேண்டிய பேண்ட், அதாவது ஸ்கோர், வந்துடுச்சு, ரீடிங்ல மட்டும் 6.5. அங்க நர்ஸுங்கள பதிவு பண்ற அமைப்பான என்எம்சி ரைட்டிங்குக்குத்தான் 6.5 ஒத்துக்கும், ரீடிங், லிஸனிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 7 வேணும். ரீடிங்ல 40 கேள்வில ஏறக்குறைய 30 சரியா போட்டா 7, அப்படின்னா ரெண்டு மூணு கேள்வில தவறவிட்டிருக்கா. ரிசல்ட் வந்த அன்னைக்கு என்கிட்ட வந்து "சித்தி, எனக்கு படிக்கற வேகம் பத்தல, ஸ்பீட் ரீடிங் கோர்ஸ் எதுலயாவது சேந்துடட்டுமா"ன்னு கேட்டா. இந்த எக்ஸாமுக்கு சில வருஷமா வீட்லயே பசங்களுக்கு சொல்லிக்குடுக்கறேன், இதே கேள்விய எத்தனையோ பேர் கேட்டிருக்காங்க, அதனாலதான் விரிவா எழுதலாம்னு உக்காந்தேன்.

முதல் தவறு அந்தக் கேள்வியிலயே இருக்கு. வேகம் பத்தலன்னு நாமளா முடிவு பண்ணிடறோம்.

கணக்கு போட்டுப் பாருங்க. அகாடமிக் ரீடிங்ல மூணு பாசேஜும் சேத்து 2,150ல இருந்து 2,750 வார்த்தை வரும், 40 கேள்வி, 60 நிமிஷம். மார்க் பிரைஸ்பர்ட்ங்கற ஆராய்ச்சியாளர் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் சேத்து அலசி 2019ல வெளியிட்டார், கதை இல்லாத சாதாரண இங்கிலீஷ் கட்டுரைய பெரியவங்க மனசுக்குள்ள படிக்கற சராசரி வேகம் நிமிஷத்துக்கு 238 வார்த்தைன்னு. நமக்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்ல, சரி, 150ன்னே வெச்சுக்குவோம். 2,750 வார்த்தைய ஒரு எழுத்து விடாம படிச்சாலும் பதினெட்டு நிமிஷம் சொச்சம்தான் ஆகும். மிச்சம் நாப்பத்தோரு நிமிஷத்துக்கு மேல கையில இருக்கு, கேள்வி நாப்பதுதான். அப்போ டைம் எங்க போகுது?

ஸ்பீட் ரீடிங் வீடியோல்லாம் சொல்றது மூணு விஷயம். மனசுக்குள்ள வார்த்தைய உச்சரிக்காத, பின்னாடி திரும்பிப் பாக்காத, ஒரே பார்வைல ஒரு வரி முழுக்க புடி. இந்த மூணுமே நம்ம எக்ஸாமுக்கு ஒத்து வராது. 2016ல கீத் ரேனரும் இன்னும் நாலு ஆராய்ச்சியாளர்களும் சேந்து இந்த விஷயத்த மொத்தமா அலசி ஒரு நீளமான கட்டுரை போட்டாங்க, அதோட சாரம் என்னன்னா வேகத்த ரொம்ப ஏத்தினா புரிதல் குறையும், ரெண்டையும் ஒண்ணா ஏத்தற மந்திரம் கிடையாது. கண்ணு ஒவ்வொரு இடத்துலயும் கால் செகண்டு மாதிரி நின்னு அடுத்த இடத்துக்குத் தாவுது, அந்தத் தாவல்ல நூத்துக்கு பத்து பதினஞ்சு பின்னாடி போறதுதான், நல்லா படிக்கறவங்களுக்கும் அப்படித்தான், புரியாத இடத்த சரி பண்ணிக்கறதுக்கு மூளை பண்ற வேலை அது. அத தடுத்தா கஷ்டமான வாக்கியம் புரியாமலே போயிடும். மனசுக்குள்ள கேக்கற குரலும் அதே மாதிரி, அத அமுக்கினா நமக்கு நஷ்டம்தான். தாய்மொழி இல்லாத ஒரு மொழில, இவ்வளவு நுணுக்கமா கேள்வி கேக்கற எக்ஸாம்ல அந்த நஷ்டம் இன்னும் பெருசு. அதனால அந்த கோர்ஸுக்கு காசு கட்டாதீங்கன்னு நான் கண்டிப்பாவே சொல்லுவேன்.

நான் என்ன பண்ணேன்னா, ஒரு ஞாயித்துக்கிழமை அவள சாப்பாட்டு மேசைல உக்கார வெச்சு ஒரு பழைய டெஸ்ட் குடுத்து, பக்கத்துலயே போன்ல ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் எடுக்கறான்னு அவளுக்குத் தெரியாம நோட்ல எழுதிக்கிட்டே வந்தேன். ரெண்டாவது பாசேஜ படிக்க ஆறரை நிமிஷம், அது ஒண்ணும் மோசமில்ல. முதல் நாலு கேள்வி தலா நாப்பது செகண்டு. அஞ்சாவது கேள்விக்கு வந்தா, பென்சில் நின்னுடுச்சு. பாசேஜ் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ, மறுபடி மேல, மறுபடி கீழ, நாலு நிமிஷம் ஐம்பது செகண்டு. கடைசில அரை மனசோட ஃபால்ஸ்னு போட்டா. விடை நாட் கிவன், அதாவது பாசேஜ்ல அதப் பத்தி எதுவுமே சொல்லல. மூணாவது பாசேஜ்லயும் இதே மாதிரி ஒண்ணு, அதுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல. ரெண்டே கேள்வில பத்து நிமிஷம். 150ல இருந்து 300க்கு வேகத்த ஏத்தினாலும் மொத்தமா மிச்சமாகறது ஒம்பது நிமிஷம்தான், அத விட அதிகமா ரெண்டு நாட் கிவன் தின்னுடுச்சு!

இல்லாத ஒண்ண எத்தன நேரம் தேடினாலும் கிடைக்காது, நாட் கிவன் கேள்வியோட இயல்பே அதுதான். ஆனா அந்த டிரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்வியெல்லாம் பாசேஜ்ல விஷயம் வர்ற அதே வரிசைலதான் வரும், இது தெரிஞ்சும் யாரும் பயன்படுத்தறதில்ல. நாலாவது கேள்விக்கு விடை எங்க கிடைச்சதோ அங்க ஒரு கோடு, ஆறாவதுக்கு கிடைச்ச இடத்துல ஒரு கோடு, அஞ்சாவதுக்கு விடை இருந்தா இந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுலதான் இருக்கணும். அந்த அஞ்சாறு வரிய மட்டும் நிதானமா, மனசுக்குள்ள உச்சரிச்சே படிங்க, அங்க இல்லன்னா நாட் கிவன்னு போட்டுட்டு நகந்துடுங்க. முழு பாசேஜையும் மறுபடி தேடற வேலையே கிடையாது. ஒரு கேள்வில மாட்டிக்கிட்டா அத விட்டுட்டு அடுத்ததுக்குப் போய் திரும்பி வர்றதுக்கும் இதுதான் காரணம்.

ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் குழப்பிக்கறது தனி. நான் பசங்களுக்கு சொல்ற உதாரணம் இது. பாசேஜ்ல 'அந்த ஆலை முதல் வருஷம் 200 பெண்கள வேலைக்கு எடுத்துச்சு'ன்னு இருக்கு. கேள்வி 'முதல் வருஷம் ஆலைல பெண்களே வேலை பாக்கல'ன்னு இருந்தா ஃபால்ஸ், ஏன்னா பாசேஜ் அதுக்கு நேரெதிரா சொல்லுது. 'ஆண்கள விட பெண்கள் அதிகம்'னு கேட்டா? ஆண்கள் எத்தன பேர்னு எங்கயுமே சொல்லல, நாட் கிவன். அந்தக் காலத்து ஆலைல ஆண்கள்தான் அதிகமா இருந்திருப்பாங்கன்னு நமக்குத் தெரிஞ்ச பொது அறிவ வெச்சு ஃபால்ஸ் போடறதுதான் இங்க நடக்கற தப்பு, அதுவும் பாசேஜ் நம்ம துறை சம்பந்தப்பட்டதா இருந்தா இன்னும் மோசம், அக்கா பொண்ணு தூக்கம் பத்தின ஒரு பாசேஜ்ல நர்ஸிங்ல படிச்சத வெச்சு விடை போட்டு ரெண்டு மார்க் விட்டா.

அடுத்தது ஸ்கேனிங்னு சொல்லிட்டு பண்ற தப்பு. கேள்வில இருக்கற வார்த்தைய அப்படியே பாசேஜ்ல தேடறாங்க. கேள்வில 'சீப்'னு இருக்கும், பாசேஜ்ல 'லோ காஸ்ட்'னோ 'அஃபோர்டபிள்'னோ வரும். வார்த்தை மாத்தி எழுதறதத்தான் இந்த எக்ஸாமே சோதிக்குது. அதே வார்த்தை அப்படியே கண்ணுல பட்டா சந்தோஷப்படாதீங்க, ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாருங்க, மல்டிபிள் சாய்ஸ்ல தப்பான ஆப்ஷன்ல பாசேஜோட வார்த்தைய அப்படியே வெக்கறது அவங்க வழக்கம். மாத்த முடியாதத தேடுங்க, அதாவது ஆள் பேரு, ஊர் பேரு, வருஷம், நம்பர். அது கண்ணுல பட்டதும் வேகத்த நிறுத்திடணும், அதுக்கு முன்னாடி ஒரு வரி பின்னாடி ஒரு வரி மெதுவா. எங்க வேகமா போறது, எங்க நிக்கறதுன்னு தெரிஞ்சிருக்கறதுதான் இந்த எக்ஸாம்ல வேகம்.

ஒவ்வொரு பாராவுக்கும் பொருந்தற தலைப்ப ஒரு லிஸ்ட்ல இருந்து எடுக்கற ஹெடிங் மேட்ச் கேள்வில பாராவோட முதல் வரிய மட்டும் படிச்சா போதும்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க. முதல் வரில பழைய கருத்த சொல்லிட்டு மூணாவது வரில 'ஹவ்எவர்'னு ஆரம்பிச்சு பாரா முழுக்க வேற பக்கம் போறது சாதாரணமா நடக்கும். ஹெடிங் லிஸ்ட்டும் பாராக்கள விட அதிகமா இருக்கும், மிச்சமாகறதெல்லாம் ஏமாத்த வெச்சதுதான். நான் சொல்றது, லிஸ்ட்ட கையால மறைச்சுட்டு பாராவ படிங்க, இது எதப் பத்தினதுன்னு ஒரே வரில தமிழ்ல மனசுக்குள்ள சொல்லிக்கோங்க, 'மக்கள் முதல்ல நம்பல, அப்புறம் ஏத்துக்கிட்டாங்க' அப்படிங்கற மாதிரி, அதுக்கப்புறம் கைய எடுத்து லிஸ்ட்ட பாருங்க. தமிழ்ல சொல்ல வரலன்னா பாரா புரியலன்னு அர்த்தம், அத அங்கேயே கண்டுபுடிச்சிடலாம்.

எந்தப் பாராவுல இந்தத் தகவல் இருக்குன்னு கேக்கற கேள்விய மட்டும் அந்த பாசேஜோட கடைசில செய்ங்க, அது வரிசைல வராது. மத்த கேள்விகளுக்காக பாசேஜ்ல சுத்தி வந்திருப்பீங்க இல்லையா, பாதி விடை எங்க இருக்குன்னு அதுக்குள்ள கண்ணுக்கே பழகியிருக்கும்.

தெரியாத வார்த்தைல நின்னுடறதும் பெரிய நஷ்டம். துறை சார்ந்த கடினமான சொல்லா இருந்தா எக்ஸாம்லயே சின்னதா விளக்கம் குடுத்துடுவாங்க. ஏதோ ஒரு செடி பேரு, ஏதோ ஒரு கெமிக்கல் பேரு வந்தா அது ஒரு பேருன்னு எடுத்துக்கிட்டு நகருங்க, அத உச்சரிச்சுப் பாக்கக்கூட வேண்டாம். நின்னு பாக்க வேண்டியது சின்ன வார்த்தைகள். ஒன்லி, ஆல், மோஸ்ட், சம், அன்லெஸ். மார்க்க கொண்டு போறது இதுங்கதான்.

நேரத்த பங்கு போடறப்போ ஒவ்வொரு பாசேஜுக்கும் 20 நிமிஷம்னு சமமா வெச்சுக்கறாங்க. அகாடமிக்ல போகப் போக கஷ்டமாகும், அதனால முதல் பாசேஜ 16, 17 நிமிஷத்துல முடிக்கப் பழகுங்க, மூணாவதுக்கு 23 நிமிஷமாவது கையில இருக்கணும். பேப்பர்ல எழுதறவங்களுக்கு இன்னொண்ணு, லிஸனிங்ல விடைய ஆன்சர் ஷீட்டுக்கு மாத்தி எழுத 10 நிமிஷம் தனியா குடுப்பாங்க, ரீடிங்ல கிடையவே கிடையாது, அந்த 60 நிமிஷத்துக்குள்ளயே முடிச்சாகணும். கேள்வித்தாள்லயே எழுதி வெச்சுட்டு கடைசில மாத்திக்கலாம்னு இருந்து அப்படியே பேப்பர குடுத்துட்டு அழுதுக்கிட்டே வந்த ஒரு பையன எனக்குத் தெரியும். இத எக்ஸாம் ஹாலுக்குள்ள போய் தெரிஞ்சுக்கற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. கம்ப்யூட்டர்ல எழுதறவங்களுக்கு இடது பக்கம் பாசேஜ், வலது பக்கம் கேள்வி, ஹைலைட் பண்ற வசதியும் உண்டு. ஆனா வீட்ல பிரிண்ட் எடுத்து பென்சிலால கோடு போட்டே பழகிட்டு அங்க போய் ஸ்கிரோல் பண்ணா விஷயம் எந்த இடத்துல இருந்துச்சுங்கற ஞாபகமே தொலஞ்சுடும், ஸ்கிரீன்ல எழுதப்போறவங்க ஸ்கிரீன்லயே பழகுங்க.

'நோ மோர் தேன் டூ வேர்ட்ஸ்'னு இருந்தா மூணாவது வார்த்தையா 'த' போட்டாலும் மார்க் போச்சு. ஸ்பெல்லிங் தப்பு, கடைசில வர வேண்டிய 'எஸ்' விட்டுப்போறது, எல்லாத்துக்கும் அதே கதிதான், அதனால பாசேஜ பாத்து எழுத்து எழுத்தா எழுதுங்க. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க, ஒரு கட்டமும் காலியா இருக்கக்கூடாது. ஐஇஎல்டிஎஸ்லயே இன்னொரு பிரிவான ஜெனரல் டிரெயினிங் எழுதறவங்க அகாடமிக்கோட மார்க்-பேண்ட் டேபிள பாத்து மனசத் தேத்திக்காதீங்க, அங்க 30க்கு ஏறக்குறைய 6தான் வரும், 7க்கு 34 வேணும்.

நர்ஸுங்க நிறைய பேர் இப்போ ஓஇடிங்கற, மருத்துவத் துறைல இருக்கறவங்களுக்கான இங்கிலீஷ் எக்ஸாம் பக்கம் போறாங்க, அங்க ரீடிங் பார்ட் ஏ வேற மாதிரி. 15 நிமிஷம், நாலு சின்ன டெக்ஸ்ட், 20 கேள்வி. அத முழுசா படிக்க உக்காந்தா முடிஞ்சுது, அது உண்மையாவே தேடி எடுக்கற வேலை, டேபிளா, டோஸ் விவரமா, சிகிச்சை முறையான்னு நாலையும் ஒரு பார்வை பாத்துட்டு நேரா கேள்விக்குப் போயிடணும். ஐஇஎல்டிஎஸ்ல பழகின நிதானத்த அங்க கொண்டு போகாதீங்க.

கடைசியா, தினம் ஒரு டெஸ்ட் எழுதி மார்க்க மட்டும் பாத்துட்டு அடுத்த டெஸ்ட்டுக்குப் போற பழக்கம். இத நிறுத்தறதுக்குதான் நான் அக்கா பொண்ணுகிட்ட ரொம்ப போராட வேண்டியிருந்துச்சு. வாரத்துக்கு ரெண்டே டெஸ்ட், ஆனா ஒவ்வொரு தப்புக்கும் நோட்ல மூணு விஷயம் எழுதணும்னு சொன்னேன், விடை எந்த வரில இருந்துச்சு, எந்த வார்த்தைய எப்படி மாத்தி எழுதியிருக்காங்க, நான் ஏன் வேறத போட்டேன். நைட் டியூட்டி முடிச்சு வந்து தூங்கி எழுந்து சாயங்காலம் உக்காந்து எழுதுவா. மூணாவது வாரம் அவளே நோட்ட திருப்பிப் பாத்துட்டு போன் பண்ணா, "சித்தி, பதினோரு தப்புல ஏழு தப்பு 'மோஸ்ட்', 'ஒன்லி' இந்த ரெண்ட கவனிக்காததுதான்". அதுக்கப்புறம் அந்த மாதிரி வார்த்தைய பாத்த உடனே வட்டம் போட ஆரம்பிச்சா. ரெண்டாவது தடவ எழுதினப்போ ரீடிங்ல 7.5, மூணு பாசேஜும் முடிச்சு நாலு நிமிஷம் கையில இருந்துச்சாம், படிக்கற வேகம் என்னவோ அதே பழைய வேகம்தான்.