ஃபர்னஸுக்கு மூச்சு முட்டாமல் இருக்க

ஒன்ராறியோவில் குளிர் இறங்குவதற்கு முன், செப்டம்பர் கடைசியிலேயே ஒருமுறை பேஸ்மென்டுக்குப் போய், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பார்த்துவிடுங்கள். ஜனவரியில், மைனஸ் 20-இல், அது நின்ற பிறகு ஆள் தேடுவது பெரிய பாடு.

எரிவாயு ஃபர்னஸுக்குள் இரண்டு வழிகளில் காற்று ஓடுகிறது. வீட்டுக்காற்றை இழுத்து, சூடாக்கி, அறைகளுக்குத் திருப்பி அனுப்புவது ஒரு வழி. வாயு எரியத் தேவையான காற்று வருவதும், எரிந்த புகை வெளியே போவதும் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர், ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஃபர்னஸில் வரும் கோளாறுகளில் பல, இந்த இரண்டில் ஏதோ ஒன்று அடைபடுவதால் வருபவை.

முதலில் ஃபில்டர். ஃபர்னஸின் பக்கத்திலோ பேஸ்மென்ட் படிக்கட்டின் தலைமாட்டிலோ லைட் ஸ்விட்ச் போலவே ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை அணையுங்கள். வீட்டுக்காற்று திரும்பி வரும் பெரிய தகரக் குழாய் ஃபர்னஸோடு சேரும் இடத்தில் ஃபில்டர் செருகியிருக்கும். வெளியே இழுத்து அதன் அட்டை விளிம்பைப் பாருங்கள்: 16x25x1, 20x25x1 என்று அளவு இருக்கும். அதே அளவில்தான் வாங்க வேண்டும். அரை அங்குலம் சிறியதானால், தூசி இடைவெளி வழியே புகுந்துவிடும். சட்டத்தில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள்.

1 அங்குல ஃபில்டரை மாதம் ஒருமுறை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றுங்கள். எப்படியும் மூன்று மாதத்துக்கு மேல் விடாதீர்கள். 4 அங்குல ஃபில்டர் 6 முதல் 12 மாதம் தாங்கும். எவ்வளவு நுண்ணிய தூசியை ஃபில்டர் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் மெர்வ். மெர்வ் 8 முதல் 11 வரை பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். உயர்ந்த எண்தான் நல்லது என்று 1 அங்குலத்தில் மெர்வ் 13 போட்டால், பழைய ஃபர்னஸின் விசிறி காற்றை இழுக்கத் திணறும்.

நம் வீடுகளில் தாளிப்பும் பொரியலும் தினமும் உண்டு. எண்ணெய் ஆவி தூசியோடு சேர்ந்தால் ஃபில்டர் சாம்பல் நிறக் கம்பளி போல ஆகிவிடும், தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். அடுப்புக்கு மேலுள்ள ஹூட் காற்றை வெளியே தள்ளுகிறதா, இல்லை திரும்ப அடுக்களைக்குள்ளேயே விடுகிறதா என்று பாருங்கள்.

அடைந்த ஃபில்டரோடு ஓட்டினால், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் சூட்டை எடுத்துச்செல்லப் போதிய காற்று இராது. சூடு மீறியதும் லிமிட் ஸ்விட்ச் நெருப்பை அணைக்கும், ஆறியதும் திரும்பப் பற்றும், மறுபடி அணையும். இப்படியே ஓடினால் அந்த உலோகச் சுவர் காலப்போக்கில் விரிசல் விடும். ஆளில்லாத அறைகளின் காற்றுத் துவாரங்களை எல்லாம் மூடுவதும், காற்றை உள்ளிழுக்கும் கிரில்லை சோஃபாவால் மறைப்பதும் இதே வேலையைத்தான் செய்யும்.

அடுத்து வெளியே போங்கள். புதிய ஃபர்னஸ்களுக்கு வீட்டுச் சுவரிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்கும், மற்றது வெள்ளையாக ஆவி விடும். அந்த ஆவி இயல்பானதே. இலைச்சருகு, குளவிக்கூடு, பனிக்குவியல் எது அடைத்தாலும் பிரஷர் ஸ்விட்ச் ஃபர்னஸைப் பற்றவிடாது. பனி கொட்டிய ஒவ்வொரு முறையும் குழாயைச் சுற்றிக் கையால் ஒதுக்குங்கள், மண்வாரி பட்டால் குழாய் உடையும். இந்த வகை ஃபர்னஸிலிருந்து தண்ணீரும் வடியும். வடிகுழாய் பாசி பிடித்து அடைத்தாலும் ஃபர்னஸ் நிற்கும்.

உலோகப் புகைக்குழாய் உள்ள பழைய ஃபர்னஸ், எரிவதற்கு வேண்டிய காற்றைப் பெரும்பாலும் அந்த அறையிலிருந்தே எடுக்கிறது. பேஸ்மென்டை வாடகைக்கு விடும்போது சத்தம் கேட்கிறது, குளிர் வருகிறது என்று ஃபர்னஸ் அறைக் கதவின் துளைகளைத் துணி வைத்து அடைக்கவே கூடாது. அடைத்தால் வாயு அரைகுறையாக எரியும், புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். அந்த அறையில் பெயின்ட், தின்னர், பெட்ரோல் வைக்காதீர்கள். பிளீச்சின் ஆவியும் உலோகத்தை அரிக்கும்.

அப்படித் திரும்பும் புகையில் இருப்பது கார்பன் மொனாக்சைடு. அதற்கு நிறமோ மணமோ இல்லை. படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும், பேஸ்மென்ட் உட்பட ஒவ்வொரு மாடியிலும் அலாரம் வையுங்கள். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள், பின்புறம் உள்ள காலாவதித் தேதியையும் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது என்றால் காய்ச்சல் என்று படுத்துவிடாதீர்கள். எல்லாரும் வெளியேறி 911-ஐ அழையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது வாயுக் கசிவு. எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்து அழையுங்கள்.

நெருப்பு, வாயுக் குழாய், பர்னர் ஆகியவற்றில் நீங்கள் கைவைக்க வேண்டாம். ஃபர்னஸ் கதவின் சிறு கண்ணாடி வழியே பார்த்தால் சுடர் நீலமாக, நிலையாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினால் ஃபர்னஸை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள். பற்றிய சில நொடிகளில் அணைந்தால் பெரும்பாலும், சுடர் எரிகிறதா என்று கண்டறியும் ஃபிளேம் சென்சரில் படிந்த அழுக்குதான். ஆண்டுக்கு ஒருமுறை, டிஎஸ்எஸ்ஏ-வில் (ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு) பதிந்த நிறுவனத்தின் உரிமம் பெற்ற டெக்னீஷியனை வரவழையுங்கள். வாயு அழுத்தத்தையும் புகையில் உள்ள கார்பன் மொனாக்சைடு அளவையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2018 மார்ச் 1 முதல், அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ் ஒப்பந்தம் போடுவது ஒன்ராறியோவில் தடை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டுவிட்டது, புதிது வாங்குங்கள் என்று யாராவது சொன்னால், விரிசலைப் படமாகக் காட்டச் சொல்லுங்கள், இன்னொருவரிடமும் கேளுங்கள். அதுவரை அந்த ஃபர்னஸை ஓட்டாதீர்கள். ஆபத்து, ஓட்டக்கூடாது என்று டெக்னீஷியன் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்கவும் வேண்டாம். இரண்டு இரவை மின்சார ஹீட்டரோடு கழித்துவிடலாம்.