நிறுத்தி வைத்த பைக் சாய்ந்து பக்கத்து வண்டி சேதமானால்: கிளெய்ம் செய்வது எப்படி?

ஓடுகிற வண்டிக்குத்தான் இன்சூரன்ஸ், நின்ற வண்டி விழுந்தால் கைக்காசுதான் என்று பலர் நினைத்துக்கொண்டு அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். வண்டி நின்றிருந்தாலும் அது ‘பயன்பாட்டில்’ இருந்ததாகவே பல நாட்டு நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. விபத்தில் சாலையோரம் சாய்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் லாரி சில மணி நேரம் கழித்துத் தீப்பிடித்த வழக்கில், 1991-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. தனியார் கராஜில் 24 மணி நேரத்துக்கு மேல் சும்மா நின்ற கார் தீப்பிடித்துக் கட்டடம் சேதமானதற்கும் கட்டாய மோட்டார் காப்பீடு பொருந்தும் என்று 2019 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்காக எல்லாக் கிளெய்மும் பாஸாகிவிடாது. சில நாடுகளில் நீங்கள் கவனக்குறைவாக நிறுத்தினீர்கள் என்று எதிராளி நிரூபிக்க வேண்டும். ஜெர்மனி போன்ற இடங்களில் உங்கள் மேல் தப்பே இல்லாவிட்டாலும் வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் பொறுப்பு வரும். எந்த முறையானாலும் முதல் அரை மணி நேரத்தில் நீங்கள் சேகரிப்பதுதான் கடைசிவரை பேசும்.

1. தூக்குவதற்கு முன் படம்

விழுந்த பைக்கைப் பார்த்ததும் கை தானாக அதைத் தூக்கப் போகும். பெட்ரோல் ஒழுகாத வரை தூக்க வேண்டாம். ஒழுகினால் படத்தை மறந்துவிட்டு, இக்னிஷனை அணைத்து, பெட்ரோல் காக் இருந்தால் அதை மூடி, வண்டியை நிமிர்த்துங்கள்.

ஒழுகவில்லை என்றால் முதலில் ஒரு வீடியோ: சுற்றி ஒரு நடை, நிறுத்தாமல், நம்பர் பிளேட்டில் தொடங்கி நம்பர் பிளேட்டில் முடிய. தனித்தனிப் படங்களை விட இதுதான் நம்பகமானது. எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்ற கேள்வியே எழாது. பிறகு சைடு ஸ்டாண்ட் நின்ற தரையைக் கிட்டத்தில் எடுங்கள். ஸ்டாண்டின் கால் தரையில் புதைந்த குழி, அல்லது வெயிலில் இளகிய தாரில் பதிந்த தடம் இருந்தால் விழுந்த காரணமே அதுதான். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் ஆழமும் அகலமும் புரியும்.

2. கீறல் உங்களுடையதா என்று அளந்து பாருங்கள்

பெரும்பாலான தகராறு இங்கேதான் தொடங்குகிறது. காரின் கதவில் மூன்று கீறல் இருக்கும். பழையதும் சேர்ந்து உங்கள் தலையில் விழும். அல்லது நேர்மாறாக, நியாயமான கீறலையே ‘உயரம் பொருந்தவில்லை’ என்று, சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் தள்ளிவிடுவார். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நிமிர்ந்து நிற்கும் பைக்கின் ஹேண்டில்பார் உயரத்தை அளந்து, அதே உயரத்தில் கீறலைத் தேடுகிறார்கள். சாயும் பைக் டயர் தரையைத் தொடும் இடத்தை மையமாக வைத்து வளைந்து இறங்குகிறது. கார் தள்ளி நிற்க நிற்க ஹேண்டில் படும் இடமும் கீழே போகும்.

கணக்கு இப்படி: ஹேண்டில் முனை தரையிலிருந்து 100 செ.மீ. உயரத்திலும், டயரின் நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 40 செ.மீ. தள்ளியும் இருக்கிறது என்று வையுங்கள். டயர் நின்ற கோட்டிலிருந்து கார் 50 செ.மீ. தள்ளி நின்றால் கீறல் சுமார் 95 செ.மீ. உயரத்தில் தொடங்கும். 70 செ.மீ. என்றால் 82. 90 செ.மீ. என்றால் 59. அங்கிருந்து கீழ்நோக்கி இழுத்த கோடாக இறங்கும். டயர் கொஞ்சம் வழுக்கியிருக்கலாம் என்பதால் சில சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் கார் 70 செ.மீ. தள்ளி நிற்கும்போது 110 செ.மீ. உயரத்தில், தரைக்கு இணையாக ஓடும் கீறல் உங்கள் ஹேண்டில் போட்டதாக இருக்க முடியாது.

அளக்க இரும்பு டேப்பே போதும். போன் ஆப்பில் அளந்ததை வைத்து வாதாட முடியாது. டேப் கதவோடு ஒட்டி நிற்க, எண் தெரியும்படி படம் எடுங்கள். ஹேண்டில் முனையிலோ பிரேக் லிவரிலோ காரின் பெயின்ட் ஒட்டியிருந்தால் துடைக்காமல் அதையும் எடுங்கள்.

3. எதிராளியிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது

பெயர், போன் நம்பர், வண்டி எண், பாலிசி விவரம் கொடுங்கள். உரிமையாளர் இல்லையென்றால் வைப்பரில் சீட்டு வைத்துவிட்டுக் காத்திருங்கள்; சொல்லாமல் கிளம்புவது பல நாடுகளில் குற்றம், சீட்டு மட்டும் போதாத நாடுகளும் உண்டு, அங்கே போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். வருத்தம் தெரிவிப்பதில் தப்பில்லை. ஆனால் ‘முழுச் செலவும் நான் தருகிறேன்’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சம்மதமில்லாமல் பொறுப்பேற்கக் கூடாது என்ற நிபந்தனை பல பாலிசிகளில் இருக்கிறது. அந்த ஒரு வரி கிளெய்மையே கெடுக்கலாம்.

4. நிறுவனத்துக்கு எழுதுவது

அன்றைக்கே தெரிவியுங்கள். வாசகம் இந்த அளவில் இருந்தால் போதும்: ‘காலை 9 மணிக்குச் சமதளத்தில், முதல் கியரில், சைடு ஸ்டாண்டில் நிறுத்தினேன். 11.30-க்குத் திரும்பியபோது வலப்பக்கம் சாய்ந்து, 70 செ.மீ. தள்ளி நின்ற காரின் பின்கதவில் கிடந்தது. விழுந்ததை நான் பார்க்கவில்லை.’ கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். ‘காற்றடித்து விழுந்திருக்கும்’ என்று ஊகமாக எழுதினால், காற்றுக்கு ஆதாரம் கேட்பார்கள்.

யாரோ இடித்துத் தள்ளியிருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் பக்கத்துக் கட்டடத்தில் சிசிடிவி பதிவை அன்றைக்கே கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிவிடும். வரிசையாகப் பைக்குகள் சாய்ந்த இடத்திலும் இதே கதைதான்: முதலில் விழுந்தது எது என்று தெரிந்தால்தான் யார் பாலிசி என்பது முடிவாகும்.

5. கிளெய்ம் போடுவது லாபமா?

ரிப்பேர் எஸ்டிமேட்டை வாங்கி, நீங்கள் இழக்கப்போகும் போனஸோடு, அதாவது கிளெய்ம் போடாததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியோடு, ஒப்பிடுங்கள். இந்தியாவில் நோ கிளெய்ம் போனஸ் சொந்தச் சேதப் பகுதிக்கு (உங்கள் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு) மட்டும் உரியது, மூன்றாம் நபர் கிளெய்ம் (அடுத்தவருக்கு ஏற்பட்ட சேதத்துக்கானது) அதைத் தொடாது. ஜெர்மனியில் அடுத்தவர் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீட்டுக்கென்றே தனியாக ஒரு போனஸ் வகுப்பு உண்டு, கிளெய்ம் போட்டால் அது இறங்கும். உங்கள் பைக்கின் ஒடிந்த லிவர், நசுங்கிய டேங்க் எல்லாம் வேறு கணக்கு: சொந்தச் சேதக் காப்பீடு இருந்தால் மட்டுமே அதற்குப் பணம் வரும்.

வீட்டில் நிற்கும் உங்கள் காரின் மேலேயே உங்கள் பைக் விழுந்தால் பைக்கின் மூன்றாம் நபர் காப்பீடு ஒன்றும் தராது. உங்களுக்கு நீங்களே மூன்றாம் நபர் ஆக முடியாது. அந்தக் கதவுக்குக் காரின் சொந்தச் சேதப் பாலிசியைத்தான் கேட்க வேண்டும்.

6. மறுபடி விழாமலிருக்க

சரிவில் முன்சக்கரம் மேட்டைப் பார்க்க நிறுத்தி, முதல் கியரில் விடுங்கள். இறக்கத்தைப் பார்க்க நிறுத்தினால் வண்டி ஒரு சாண் முன்னால் உருண்டாலே ஸ்டாண்ட் மடங்கிவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்குப் பார்க்கிங் பிரேக். அது இல்லையென்றால் பிரேக் லிவரை ஒரு வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். பக்கவாட்டுச் சரிவில் ஸ்டாண்ட் மேட்டுப் பக்கம் இருந்தால் வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் போய்விடும். மண்ணிலும் தாரிலும் ஸ்டாண்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான தகடு வையுங்கள். முழுக் கவர் போட்ட பைக் காற்றுக்குப் பாய்மரம் போல. காற்று பலமாக வீசும் இடத்தில் கவரைக் கழற்றிவிடுங்கள், அல்லது அடிப்பக்கம் இறுக்கிக் கட்டுங்கள்.