என் நாடகங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த விதம்

பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதிய ஏழு நாடகங்களை பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் போட்டிருந்தேன். ஒரு வருடமாக ஒரு பள்ளியிலிருந்தும் அழைப்பு வரவில்லை.

ஒருநாள் என் நாடகத்தின் முதல் வசனத்தையே கூகுளில் தட்டினேன். வரவில்லை. பிடிஎஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டியதும் விஷயம் புரிந்தது. 'அம்மா' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. எல்லாமே ஆங்கில எழுத்துகளையே தமிழ் வடிவில் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியவை. கண்ணுக்குத்தான் அது தமிழ், தேடுபொறிக்கு இல்லை.

இலவச எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு, கணினியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்குக் கொண்டுவந்தேன். சில இடங்களில் கொம்பும் காலும் பிரிந்து நின்றன, கையால்தான் சரிசெய்தேன். வலித்தாலும் செய்யுங்கள்.

அப்புறம் முதல் பக்கம். ஆண்டு விழாவுக்கோ கலைத் திருவிழாவுக்கோ நாடகம் தேடும் ஆசிரியருக்கு நேரமே இருக்காது. அதனால் கதைச் சுருக்கத்தைக் கீழே தள்ளிவிட்டு, '12 பேர், 10 நிமிடம், ஒரு பாய், இரண்டு குடை' என்று மேலே எழுதினேன். மாணவர்கள் தங்கள் பள்ளியில், பெற்றோர் முன்னால் நடிப்பதற்கு இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே இடம் தருகிறது. இருந்தும் பலர் தயங்குவதால், 'தாராளமாக நடியுங்கள்' என்றும் சேர்த்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு டீச்சர் அழைத்தார். "சார், எங்க வகுப்புல 21 பிள்ளைங்க. மிச்சம் 9 பேருக்கும் ஆளுக்கொரு வரி எழுதித் தருவீங்களா?"

அன்று இரவே ஒரு சந்தைக் காட்சி எழுதி அனுப்பினேன்.